விலை இல்லாததுக்கு என்ன பேர்?

'ஸீ ஸ்லக்' எண்டால் தமிழில் என்ன என்று கேட்டால், அகராதி புரட்டுகிறவர்கள் 'கடல் அட்டை' என்று சொல்லிவிடுவார்கள். கரையில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். கடலட்டை வேறு சாமான். அவித்து, காயவைத்து, கொழும்புக்கு ஏற்றி, அங்கிருந்து சிங்கப்பூருக்கும் ஹொங்கொங்குக்கும் போகிறது அது. வடக்கில் அட்டைப் பண்ணைக்காகக் கடலை வேலி போட்டு அடைத்ததும், அதற்கெதிராக மீனவர்கள் வீதிக்கு இறங்கியதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த அட்டை நட்சத்திர மீனுக்குச் சொந்தம். நான் சொல்லப்போவது நத்தைக்குச் சொந்தமான ஒன்றை. முட்டையிலிருந்து வந்து மிதந்து திரிகிற பருவத்தில் அதற்கும் ஒரு குட்டி ஓடு இருக்கும். வளர்ந்து பாறையில் இறங்கும்போது அநேகமான இனங்கள் அதைக் கைவிட்டுவிடும். பிறகு மிச்ச ஆயுள் முழுக்க வெறும் உடம்புதான். ஆயுள் என்றும் பெரிதாக இல்லை, பலதுக்கு ஒரு வருடம் கூட வராது.

ஓடில்லாமல் எப்படித் தப்புது? நஞ்சைத் தின்றுதான். கடற்பஞ்சைத் தின்பவை பஞ்சில் இருக்கிற நஞ்சைத் தங்கள் தோலில் சேர்த்து வைக்கும். சொறிகிற உயிர்களைத் தின்பவை இன்னும் கெட்டித்தனம், சொறிமுட்டை மாதிரியானவற்றின் சுடுகிற கலங்களை வெடிக்கவிடாமல் விழுங்கி, முதுகில் இருக்கிற விரல் போன்ற முனைகளில் கொண்டுபோய் அடுக்கி வைக்கும். களவெடுத்த ஆயுதம். அந்த மஞ்சளும் நீலமும் ஊதாவும் எல்லாம் அழகுக்கு இல்லை, 'கிட்ட வராதே' என்ற அறிவித்தல். இந்தக் கட்டுரையில் இவற்றை ஓடிலிநத்தை என்று எழுதுகிறேன். நல்ல பெயர் இல்லை என்று எனக்கும் தெரியும்.

நிலாவெளியில் இரண்டு சீசனாக இவற்றைத் தேடிப் பதிந்துகொண்டிருக்கிறேன். நான் பயோ இல்லை, கலைப்பீடம், வரலாறு. மகாபொலக் காசு ஒரு மாதத்துக்கு வருவது ஒரு டைவுக்கே காணாது. என் மச்சான் ஒரு டைவ் கடையில் வேலை செய்கிறான். சீசனில் வெளிநாட்டு ஆட்களின் மெசேஜ்களுக்குப் பதில் எழுதிக் கொடுப்பது நான். அதற்குப் பதிலாகப் போட்டில் இடம் மிஞ்சுகிற நாளில் என்னை ஏற்றுவார்கள். இந்தப் பண்டமாற்றில்தான் 18 மீற்றர் வரை போகக்கூடிய அடிப்படைச் சான்றிதழும் எடுத்தேன்.

மற்றவர்கள் ஆமையும் சுறாவும் பார்க்கப் போகிறார்கள். மச்சான் முன்னுக்குப் போய்க் கையைச் செட்டை மாதிரி நெற்றியில் வைத்துக் காட்டுவான், எல்லாரும் அங்கே திரும்புவார்கள். நான் கல்லைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். ஓடிலிநத்தை தேடுகிறவருக்கு ஒரு டைவில் இருபது மீற்றர் தூரம் போனாலே அதிகம். முதலில் சாப்பாட்டைத் தேட வேண்டும், ஏனெனில் இவற்றில் பலது ஒரே ஒரு வகைச் சாப்பாட்டைத்தான் தொடும். நீல நிறக் கடற்பஞ்சு கண்டால் நின்று பார்க்க வேண்டும். பாறையின் அடிவிளிம்பு, இறகு மாதிரி ஆடுகிற சொறிச்செடிகள், இறந்த பவளத்தின் நிழல் பக்கம். விரல் நகம் அளவு ஒன்று. சில நாள் அரிசி அளவு. மூச்சைக் கட்டுப்படுத்தத் தெரியாதவர் மேலும் கீழும் போய்க்கொண்டே இருப்பார், ஒன்றும் பார்க்க ஏலாது. கல்லைப் பிடிக்கவும் கூடாது. புறாமலைத் தீவில் பவளத்தில் ஏறி நின்று செல்ஃபி எடுக்கிற ஆட்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு இந்த விசயத்தில் கொஞ்சம் வெறியே வந்துவிட்டது. 1963இல் சரணாலயம், 2003இல் தேசியப் பூங்கா. ஆனால் பவளத்துக்கு அறிவித்தல் பலகை வாசிக்கத் தெரிந்து என்ன பயன், ஏறுகிறவருக்கல்லவா தெரிய வேண்டும்.

கண்டால் மூன்று படம். மேலேயிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, தலையில் இருக்கிற இரண்டு கொம்பும் பின்னால் பூ மாதிரி விரிகிற செவுளும் தெரிய ஒன்று. அந்தக் கொம்புதான் மணம் பிடிக்கிற உறுப்பு. செவுளின் நிறம் மாறினால் இனமே மாறிவிடலாம், ஆகவே அது சுருங்க முதல் எடுத்துவிட வேண்டும். டோர்ச் வெளிச்சம் கூடினாலோ தண்ணீர் அசைந்தாலோ உள்ளே இழுத்துவிடும். பிறகு பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் எழுதுவேன்: ஆழம், நேரம், தண்ணீர்ச் சூடு, எதன் மேல் இருந்தது, நீளம், தனியாவா சோடியா, முட்டை இருந்ததா. எல்லாமே ஆணும் பெண்ணும் ஒன்றாய் உள்ள உயிர்கள் என்பதால் இரண்டு சந்தித்தால் இரண்டுமே முட்டை இடலாம். முட்டை ரிபன் மாதிரிச் சுருளாக ஒட்டியிருக்கும். பல நாட்களில் நத்தையை விட முட்டைதான் முதலில் கண்ணில் படும்.

கரைக்கு வந்து ஐநச்சுரலிஸ்டில் ஏற்றுவேன். நான் ஒரு பெயர் சொல்வேன், எங்கேயோ இருக்கிற யாரோ 'இல்லை, இது அது' என்பார்கள். பார்த்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துக்கொண்டால் அது ஆய்வுத் தரம் என்று பச்சை நிறத்தில் வரும், பிறகு உலகத் தரவுக் களஞ்சியத்துக்குப் போகும். இரண்டு சீசனில் என் கணக்கில் 31 வகை. அதில் ஒன்பதுக்கு இன்னும் முழுப் பெயர் கிடைக்கவில்லை. கறுப்பில் இளஞ்சிவப்புப் பருக்கள் கொண்ட வகையில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள், ஒன்றைப் போலவே இன்னும் பல இனம் இருக்கிறதாம்.

'இதால என்ன பிரியோசனம்?' அம்மா கேட்டது, பட்ச்மேட் கேட்டது, டைவ் கடைக்கு வந்த ஜேர்மன்காரர் ஒருவரும் கேட்டார். 2013இல் அவுஸ்திரேலியாவின் நெல்சன் பேயில், ஒரு பல்கலைக்கழக ஆய்வாளரின் முயற்சியில், சாதாரண டைவர்மார் ஒரு சனி ஞாயிறில் கண்ட ஓடிலிநத்தைகளை எண்ணத் தொடங்கினார்கள். பிறகு அது வேறு கரைகளுக்கும் பரவியது. சூடான கடலில் இருக்க வேண்டிய இனங்கள் தெற்கே, குளிர்ந்த பக்கத்துக்கு நகர்வதை அந்த எண்ணிக்கை காட்டியது. ஆயுள் குறைவு, சாப்பாட்டில் பிடிவாதம், குஞ்சு நீரோட்டத்தில் போகும். ஆகவே கடலில் ஒரு மாற்றம் வந்தால் இவை வெள்ளெனவே காட்டிக்கொடுத்துவிடும். ஒரு மீன் பெருகிக் குறைவதற்கு வருடங்கள் எடுக்கும், இது இந்த வருடம் இருக்கும், அடுத்த வருடம் இருக்காது. 1998இல் எங்கள் தீவின் பல கரைகளில் பவளம் வெளுத்துச் செத்தபோது எந்தப் பாறையில் எந்த ஓடிலிநத்தை இருந்தது, பிறகு எது வரவில்லை என்று எழுதி வைத்திருந்தால் இன்றைக்கு அது எவ்வளவு பெரிய மூலம். (வரலாற்றுப் பிள்ளைக்கு எல்லாமே மூலம்தான்.)

ஆனால் அந்த வரைபடத்தைத் திறந்து இலங்கையைப் பார்த்தால் ஒரு சங்கதி உடனே தெரியும். புள்ளிகள் எல்லாம் டைவ் கடை இருக்கிற இடத்தில். ஹிக்கடுவை, உனவட்டுன, கொழும்பின் கப்பல் சிதைவுகள், நிலாவெளி. கடை இல்லாத கரையில் புள்ளி அரிது. வரைபடம் காட்டுவது உயிர் எங்கே வாழுது என்பதை அல்ல, சிலிண்டர் எங்கே வாடகைக்குக் கிடைக்குது என்பதை. கிழக்கில் இந்தக் கடைகள் பரவலாக வந்ததே 2009க்குப் பிறகுதான். அதற்கு முந்திய வருடங்களில் கடலுக்குள் போக மீனவருக்கே பாஸ் வேண்டியிருந்தது. அந்தக் காலம் வரைபடத்தில் வெறும் நீலம்.

அதற்கு முந்தி? அதற்கு முந்தி ஒரே ஒரு ஆள் பெரிதாக நிற்கிறார். எட்வர்ட் பிரெட்ரிக் கேலார்ட். இலங்கையில் பிறந்த பறங்கியர், இராணுவ வைத்தியர். இந்தத் தீவின் பாலூட்டிகளைப் பற்றியெல்லாம் 1852இல் புத்தகம் போட்டவர். 1857 அளவில் அரசாங்கம் அவரை முத்துச் சிப்பியை ஆராய விட்டது. சலாபம் என்றால் வருமானம் அல்லவா. திருகோணமலையில் இருந்துகொண்டு அவர் சிப்பியைப் பார்த்தார், அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதினார். அதோடு யாரும் கேட்காத ஒன்றையும் செய்தார். ஓடிலிநத்தைகளை வரைந்தார், விபரித்தார், 1858இலும் 1859இலும் வெளியிட்டார். நான் போன வருடம் ஒரு நீலப் பஞ்சின் மேல் கண்ட வெள்ளை உடம்பில் கறுப்பு வளையங்கள் உள்ள இனத்துக்குப் பெயர் வைத்தவர் அவர்தான். ஜொருனா பியூனெப்ரிஸ். பியூனெப்ரிஸ் என்றால் செத்தவீட்டுக்குரியது என்று அர்த்தம். வெள்ளையும் கறுப்பும் பார்த்து அவருக்கு அது தோன்றியிருக்க வேண்டும். இப்போது அதன் உடம்பிலிருந்து எடுத்த பொருட்களைத் தாய்லாந்து ஆய்வாளர்கள் புற்றுநோய்க் கலங்களில் சோதித்திருக்கிறார்கள். செத்தவீட்டுக்காரன் மருந்துக்குப் போகிறான். அவர் பெயரிட்ட இன்னொன்று பிலிடியெல்லா செய்லானிக்கா, பெயரிலேயே இலங்கை.

கேலார்ட் 1860இல் இங்கிலாந்துக்குப் போகிற வழியில் கப்பலில் இறந்துபோனார். அவர் எழுதியவை சில வரி விபரிப்புகள். நிறம், நீளம், செவுள். பின்னால் வந்தவர்களால் பலதை இதுதான் என்று பிடிக்க முடியவில்லை. அவர் வரைந்த படங்கள் இங்கிலாந்தின் நியூகாசில் நூதனசாலைக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. 1906இல் சார்ள்ஸ் எலியட் என்பவர் அந்தப் படங்களை வைத்து எது எது என்று ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார். இந்தப் பெயரை எங்கேயோ கண்டிருக்கிறேனே என்று தேடினால், எங்கள் நூலகத்தில் சமய நூல்களுக்கிடையில் இருக்கிற 'இந்துமதமும் பௌத்தமும்' மூன்று பாகத்தையும் 1921இல் எழுதிய அதே எலியட். கிழக்கு ஆபிரிக்காவில் ஆணையாளர், பிறகு ஜப்பானில் தூதுவர், இடையில் ஓடிலிநத்தை. கலைப்பீடத்துப் பிள்ளை ஏன் இதில் தலையிடுகிறாய் என்று கேட்பவர்களுக்கு நான் இப்போது இவரைத்தான் காட்டுகிறேன்.

1858இல் ஸ்கூபா இல்லை. கேலார்ட்டின் மேசைக்கு அந்த உயிர்கள் எப்படி வந்தன? வற்றுக் கடலில் அவரே பொறுக்கியிருக்கலாம். வலையில் ஏறியதை யாரும் கொண்டுவந்து கொடுத்திருக்கலாம். சுழியோடுகிற யாரும் எடுத்துக் கொடுத்திருக்கலாம். இதை யோசித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் மாமாவிடம் போய்க் கேட்டேன்.

மாமா அம்மாவின் ஒன்றுவிட்ட தமையன். சங்கும் அட்டையும் குளித்தவர். இருபது வருடத்துக்கு மேல். ஒரு நாளைக்கு மூன்று நாலு சிலிண்டர், எங்கள் கடை ஆட்கள் நினைத்தும் பார்க்காத ஆழம், சில நாள் இரவு டோர்ச்சோடு. எவ்வளவு நேரம் கீழே, எவ்வளவு மெதுவாக மேலே என்று சொல்லிக் கொடுக்க ஒருவரும் இருக்கவில்லை. ஒருநாள் மேலே வந்தபோது இடுப்புக்குக் கீழ் விளங்கவில்லை. கூட வந்தவர்கள் திரும்பவும் கடலுக்குள் இறக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தார்களாம். அதுதான் அவர்களுக்குத் தெரிந்த வைத்தியம். இப்போது ஒரு கால் இழுத்து நடக்கிறார், கையில் தடி. இந்தக் கரையில் இப்படி நடக்கிற ஆள் அவர் மட்டும் இல்லை.

போனில் படங்களைக் காட்டிக்கொண்டு போனேன். செத்தவீட்டு நத்தை வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"இது கனக்கக் கண்டிருக்கிறன். நீலக் கல்லில ஒட்டிக்கொண்டு கிடக்கும்."

"என்ன பேர் மாமா இதுக்கு?"

"பேரோ? பேர் வைக்கிறதுக்கு இது என்ன விலைக்கே போகுது?"

அட்டைக்கு அவரிடம் எத்தனையோ பெயர். வெள்ளை அட்டை, ராஜா அட்டை, நூலட்டை. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை, ஆகவே ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். மன்னார்க் கடலில் முத்து விளைகிற ஒவ்வொரு 'பாருக்கும்' பெயர் இருக்கிறது. தமிழில் கடலுக்கு அடியில் இருக்கிற கல்லுக்கெல்லாம் பெயர் இருக்கிறபோது அதன் மேல் ஊர்கிற இதற்கு இல்லை. அது குறை என்று நான் சொல்லவில்லை. பசியோடு கீழே போகிறவர் விலை போகிறதைத்தான் பார்ப்பார். ஆனால் மாமா மற்றதையும் பார்த்திருக்கிறார். பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த படம் நான் எடுத்ததில்லை, ஸ்பானிஷ் டான்ஸர் என்று சொல்கிற பெரிய சிவப்பு இனம். ஒரு அடிக்கு மேலும் வளரும், உடம்பின் ஓரத்தை விரித்து நீந்தும். மாமா போனைக் கையில் வாங்கினார்.

"இது ராவில வரும் பிள்ளை. சிவப்புச் சீலைத் துண்டு ஒண்டு தண்ணியில போற மாதிரி. முதல் தரம் கண்டு பயந்திட்டன்." பிறகு கொஞ்சம் யோசித்து, "அந்தக் கல்லடியில செவ்வரத்தம்பூ மாதிரி ஒண்டும் ஒட்டிக்கொண்டு இருக்கும். காத்து மாற முதல், ஆவணி புரட்டாதியில. கடலுக்குள்ள என்னடா பூ எண்டு நாங்கள் பகிடி விடுறது."

அந்தப் பூ அதன் முட்டை. ரோஜாப்பூ மாதிரிச் சுருண்ட சிவப்பு ரிபன். மாமாவுக்கு அது தெரியாது, இரண்டும் இரண்டு சாமான் என்று நினைத்திருந்தார். ஆனால் எந்த மாதம், எந்தக் கல், இரவா பகலா எல்லாம் சொல்கிறார். வருடா வருடம் அதே இடத்தில் கண்டிருக்கிறார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. வரைபடத்தில் வெறும் நீலமாகக் கிடக்கிற வருடங்களில், பாஸ் எடுத்துக்கொண்டு கடலுக்குப் போன ஒரு ஆளிடம், ஒரு உயிர் முட்டை இடுகிற காலமும் இடமும் இருக்கிறது.

இதை எங்கே பதிவது? ஐநச்சுரலிஸ்டில் படம் இல்லாமலும் பதியலாம். ஆனால் அது ஒருபோதும் ஆய்வுத் தரத்துக்குப் போகாது, ஒரு மூலையில் கிடக்கும். எங்கள் விரிவுரையில் வாய்மொழி வரலாறும் மூலம்தான் என்று இரண்டு வருடமாகப் படித்திருக்கிறேன். முதலில் கோபம்தான் வந்தது. படம் எடுக்க வசதி உள்ளவன் பார்த்தால் தரவு, வசதி இல்லாதவர் இருபது வருடம் பார்த்தால் கதையா?

பிறகு கேலார்ட்டை நினைத்தேன். அவர் படித்தவர், பத்திரிகையில் எழுதியவர், லத்தீன் தெரிந்தவர். அவர் எழுத்தைப் பின்னால் வந்தவர்கள் பிடித்துக்கொள்ள முடியாமல் தவித்தார்கள். படம் இருந்தபடியால்தான் எலியட்டால் ஏதாவது செய்ய முடிந்தது. ஆகவே படம் கேட்பது வெறும் திமிர் இல்லை. சிவப்புச் சீலை என்பது இன்னொரு சிவப்பு உயிராகவும் இருக்கலாம் என்ற சந்தேகத்துக்கு இடம் இருக்கிறது. மாமாவின் சொல்லை அந்தப் பட்டியலில் நான் திணித்தால் பட்டியலும் கெடும், மாமாவின் சொல்லும் ஒரு வரியாகச் சுருங்கிவிடும். அவர் சொன்னதில் பயம் இருக்கிறது, பகிடி இருக்கிறது, கூட வந்தவர்கள் யார் யார் என்று இருக்கிறது.

ஒரு சீஆர் கொப்பி வாங்கினேன். மாமா சொன்னதை அவர் சொன்ன பேச்சிலேயே எழுதினேன், சொன்ன தேதியோடு. பிறகு அவருடைய பழைய ஆட்கள் இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். படத்தை முதலில் காட்டாமல், 'கடலுக்குள்ள பூ கண்டிருக்கிறீங்களா' என்று மட்டும். ஒருவர் இல்லை என்றார். மற்றவர், "ஓம், சிவத்தப் பூ, தொட்டால் வழுவழு எண்டு இருக்கும்" என்றார். இடத்தைக் கேட்டபோது அதே கல்லைச் சொன்னார்.

கல் எங்கே என்பதுதான் அடுத்த பிரச்சினை. இவர்களிடம் ஜீபிஎஸ் இருந்ததில்லை. கோணேசர் மலையை ஒரு பக்கமும், கரையில் ஒரு தனிப்பனையை மற்றப் பக்கமும் நேர்ப்படுத்தி, இரண்டு நேரும் வெட்டுகிற இடத்தில் நங்கூரம். மலை நிற்கிறது. பனை 2004 சுனாமியோடு போய்விட்டது.

போன புரட்டாதியில் ஒருநாள் விருந்தாளிகள் வராமல் போட் சும்மா நின்றது. எண்ணெய்க் காசை மச்சானும் நானும் பாதி பாதி போட்டோம். மாமாவையும் ஏற்றினோம். விபத்துக்குப் பிறகு அவர் போட்டில் ஏறியது அதுதான் முதல் தரம் என்று எனக்குக் கரைக்கு வந்த பிறகுதான் தெரியும். பனை நின்ற இடத்தை மனதில் வைத்து, கரையைப் பார்த்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் வெளிய, இன்னும் கொஞ்சம், பின்னுக்கு எடு என்று தடியால் காட்டிக்கொண்டே வந்தார். மீன் பார்க்கிற கருவியில் அடித்தளம் 21 மீற்றர் என்று ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று 15க்கு ஏறியது. "இதுதான்" என்றார். கருவியை அவர் பார்க்கவே இல்லை.

கல்லின் தலையை விட்டுக் கீழே போகாமல் நாற்பத்தைந்து நிமிடம் தேடினோம். பூ இல்லை. சீலையும் இல்லை. பவளத்தில் பாதிக்கு மேல் செத்து, பாசி ஏறிக் கிடந்தது. கிழக்குப் பக்கத்தில் ஒரு பழைய வலை சுற்றியிருந்தது. அதற்குப் பின்னால் நீலப் பஞ்சு, என் கை அகலத்துக்கு. அதில் இரண்டு செத்தவீட்டு நத்தை, பக்கத்தில் வெள்ளைச் சுருள் முட்டை. மூன்று படம் எடுத்தேன். ஏற்றி இரண்டாம் நாளே பச்சையாக வந்தது. 'தேடினேன், காணவில்லை' என்பதற்கு அந்தப் பக்கத்தில் பொத்தான் இல்லை. அது கொப்பியில் இருக்கிறது: புரட்டாதி, பகல், 15 மீற்றர், பூ காணேல்லை, வலை கிடக்கு.

போட்டில் ஏறியதும் மாமா முகத்தைப் பார்த்தார். இல்லை என்று தலையை ஆட்டினேன். நத்தையின் படத்தைக் கமராவில் காட்டினேன், மூக்குக்கண்ணாடி இல்லாமல் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பகலில வந்தால் எங்க காணுறது" என்றார். "அது ராவில வாற சாமான் எண்டு நான் சொன்னனான் தானே."

இரவு டைவுக்கு எனக்கு இன்னும் ஒரு பயிற்சி வேண்டும். வாடை தொடங்கிவிட்டது, கடை பூட்டு. அடுத்த சீசனுக்கு ஆவணியில் இரண்டு இரவு மச்சானிடம் கேட்டு வைத்திருக்கிறேன். அந்த வலையை வெட்டி எடுக்கவும் ஆள் வேண்டும்.